பெயர் ஒட்டாத லாச்சிகள்

கனடாவில் புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது வைன்ரெப்பின் ஸ்டோர். சட்டை தைக்கிற கொம்பனிகளுக்குத் தெறி, கொளுக்கி, சிப், நாடா, ரேந்தை எல்லாம் மொத்தமாக விற்கிற இடம். ரேந்தை என்றால் லேஸ். தெறி என்றால் பொத்தான். மன்னார் பேசாலையிலிருந்து வந்த அருமைநாதனுக்குப் பொத்தான் என்ற சொல் இன்றுவரை வாயில் வராது. உள்ளே போனால் நிலத்திலிருந்து கூரைவரை இழுத்துத் திறக்கிற மர லாச்சிகள். மூவாயிரத்துக்கு மேல். ஒன்றிலாவது பெயர் இருக்கவேண்டுமே! இலக்கம் இருக்கவேண்டுமே! ஒரு கடுதாசித் துண்டுகூடக் கிடையாது.

அருமைநாதன் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். சேர்ந்த முதல் கிழமை, தான் ஒரு கெட்டிக்காரன் என்று காட்டவேண்டும் என்ற ஆசை அவனுக்கு. வீட்டிலிருந்து ஒட்டுக் கடுதாசி கொண்டுவந்து நாற்பது லாச்சிக்கு அழகாகப் பெயர் எழுதி ஒட்டினான். காலையில் முதலாளி வந்தார். கோபப்படவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். நாற்பதையும் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"எழுதாதே, நாதன். தலையில் வை. எழுதி ஒட்டிவிட்டால் நாளைக்கு வருகிறவனுக்கு நீ தேவையில்லை."

இருவருக்கும் பேச்சு இங்கிலீஷில்தான். ஒருவருடையது போலந்து வழியாக வந்த இங்கிலீஷ், மற்றவனுடையது பேசாலை வழியாக வந்தது. வெளியாருக்குப் பாதியும் விளங்காது. அவர்களுக்கு நன்றாக விளங்கியது.

அன்றைக்கு அவனுக்கு விளங்கியது, கிழவருக்குப் பைத்தியம், விசர் என்பதுதான். பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் கதை வந்தது. மத்தியானத்தில் கறுப்புப் பாணும் அவித்த முட்டையும் சாப்பிடும்போது சொல்வார். இன்றைக்கு இரண்டு வசனம், ஆறு மாதம் கழித்து மூன்று வசனம். விலைப்பட்டியல் வாசிக்கிற குரல்.

ஐசிடோர் வைன்ரெப் 1915இல் போலந்தில் தர்நூவ் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனுக்குத் தெறிக்கடை. தகப்பன் கண்மூட, இருபத்துமூன்று வயதில் இவர் முதலாளி. அடுத்த வருசம் செப்டெம்பரில் ஜெர்மன்காரர் வந்தார்கள். யூதர் எல்லாரும் கையில் வெள்ளைப் பட்டி கட்டவேண்டும், அதில் நீல நட்சத்திரம். கடைக் கண்ணாடியிலும் நட்சத்திரம். அதற்கடுத்த வருசம் ஷோல்ட்ஸ் என்று ஒருவன் ஜெர்மன் அரசாங்கக் கடிதத்தோடு வந்தான். கடை இனி என் பொறுப்பு, பூட்டின் திறப்பைத் தா என்றான். கொடுத்தார். தகப்பன் போட்ட பெயர்ப்பலகையை அவரைக்கொண்டே கழற்றுவித்தான். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாததால் பக்கத்துக் கடைக்காரர் வந்து பிடித்தாராம். பலகை இறங்கியபிறகு அந்த மனிதர் ஏணியை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டாராம்.

ஆனால் அந்த ஷோல்ட்ஸுக்குத் தெறியைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. முன்பு சைக்கிள் கடையில் நின்றவன். தகப்பனோ லாச்சிகளுக்குப் பெயர் ஒட்டாத சோம்பேறி. தகப்பனின் சோம்பல்தான் மகனின் தலையைக் காத்தது. எது எங்கே இருக்கிறது என்று கேட்க ஷோல்ட்ஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சொந்தக் கடையில் வேலையாள் ஆனார் வைன்ரெப்.

1942 ஜூனில் வேலையுள்ள யூதருக்கு அட்டையில் முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாதவர்களைச் சதுக்கத்தில் இருத்தினார்கள். சிலரை ஊரிலேயே சுட்டார்கள். மிச்சப்பேரை ரயிலில் ஏற்றினார்கள். வைன்ரெப்புக்கு முத்திரை கிடைத்தது. பிறகு சுவர் அடைத்த தெரு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முகாம். 1945 மே மாதத்தில் அவருடைய நிறை முப்பத்தெட்டுக் கிலோ. 1948இல் கனடாவுக்குத் தையல்காரர் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். அவர் தன் வாழ்நாளில் ஒரு சட்டை தைத்ததில்லை. தையல்காரன் என்று சொல்லி, ஒரு தெறியைத் தைத்துக் காட்டிக் கப்பல் ஏறினார்.

"நாங்களும் கொஞ்சப் பொய்யோடைதானே வந்து இறங்கினனாங்கள்," என்றான் அருமைநாதன், இதை வீட்டில் மனைவி றோசலினுக்குச் சொன்னபோது.

"மனுசன் சொல்லேக்கை அழுதவரே?"

"இல்லை. முட்டைக்கு உப்புத் தொட்டுச் சாப்பிட்டவர்."

ஹேலா என்று ஒரு மனைவி அங்கே இருந்தாள் என்பதை ஒரே ஒரு தடவை சொன்னார். "போய்விட்டாள்" என்றார். அருமைநாதன் மேலே கேட்கவில்லை. அவனுடைய தம்பியும் 1985இல் மன்னார் ரோட்டில் அப்படித்தான் போனவன். போனவர்களைப்பற்றித் துருவிக் கேட்பது அவன் பழக்கமில்லை. தலை தப்பினது தம்பிரான் புண்ணியம் என்று இருப்பவன்.

ஆக, அருமைநாதன் கதையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: எல்லாம் தலைக்குள் இருக்கவேண்டும், உன்னை விட்டால் ஆள் இல்லை என்று ஆக்கிவிடு. ஐந்தாறு வருசத்தில் தெறி, கொளுக்கி, சிப் முழுவதும் அவனுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பான். ஒரு பக்கம் மட்டும் கிழவர் அவனை விடவில்லை. நாடாவும் ரேந்தையும் இருந்த பின்சுவர்.

"அது வேண்டாம். அதற்கு வேறு ஆள் வேண்டும்," என்பார். தன்னில் நம்பிக்கை இல்லையோ என்று அருமைநாதனுக்கு மனத்தாங்கல்.

அந்த வேறு ஆள் 1996இல் வந்தாள். புஷ்பராணி. யாழ்ப்பாணம் பாஷையூர்க்காரி, கணவனைக் கொழும்பிலேயே நெஞ்சுவலிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். முதல் வருசங்களில் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், பிறகு அருமைநாதனின் காரில். 'போன்ஜூர்', 'மெர்ஸி', 'நோ ப்ரொப்ளம்', இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே எட்டு வருசம் ஓட்டினாள். ஆனால் பின்சுவரைத் தன் மனம்போல அடுக்கிவைத்திருந்தாள். கோயிலில் புதுநன்மை எடுக்கிற பிள்ளையின் சட்டைக்குப் போகிற வெள்ளை வேறு, கலியாணத்துக்குப் போகிற வெள்ளை வேறு, செத்தவீட்டுப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளை வேறு. கையால் தொட்டே சொல்வாள்.

கிழவர் ஒருநாளும் அந்த லாச்சிகளைத் திறந்ததில்லை. வாடிக்கைக்காரர் முன்னால் நின்று ஒரு முழம் நாடா கேட்டாலும், "புஷ்பா!" என்று கூப்பிடுவார். அவள் சாப்பிடப் போயிருந்தால் வாடிக்கைக்காரர் காத்திருப்பார். முதலாளிக்கு இப்படி ஒரு கிறுக்கு என்று இருவரும் சிரிப்பார்கள்.

2004 வந்தது. சட்டை தைக்கிற வேலையெல்லாம் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேர் வேலைசெய்த ஸ்டோரில் இரண்டே பேர் மிச்சம், அருமைநாதனும் புஷ்பராணியும். கிழவருக்கு எண்பத்தொன்பது. கைத்தடி, காதில் மெஷின். ஒன்ராறியோக் கொம்பனி ஒன்று ஸ்டோரை அப்படியே வாங்க வந்தது. ஆட்களைப்பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி: சரக்கை நடத்தத் தேவையானவர்களை வைத்துக்கொள்வோம்.

புஷ்பராணி அந்தக் கடிதத்தை அருமைநாதனிடம் மூன்று தரம் வாசிப்பித்தாள்.

"தேவையானவை எண்டால் ஆர் அண்ணை?"

"நாங்கள்தான். வேறை ஆர் இருக்கினம்?"

"எனக்கு வாய் இல்லையே. என்ன கேட்டாலும் நோ ப்ரொப்ளம் எண்டுதான் சொல்லுவன். நாப்பத்தொன்பது வயசிலை என்னை இனி ஆர் எடுக்கப்போகினம்? அவன் சின்னவன் இன்னும் படிச்சு முடிக்கேல்லை."

"உமக்கு ஏன் பயம்? நான் இருக்கிறன்தானே. நீர் சும்மா நில்லும், கதைக்கிறதை நான் பாக்கிறன்."

இப்படித்தான் எங்கள் ஆண்பிள்ளைகள். ஆஸ்பத்திரியா, வங்கியா, பள்ளிக்கூடமா, பெண்ணை ஒரு பக்கம் நிறுத்திவைத்துத் தாங்கள் பதில் சொல்வார்கள். அவளுக்கு வயிற்றுவலி எங்கே என்றுகூட இவர்கள்தான் டொக்டருக்குக் காட்டுவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பழக்கம்.

கொம்பனிக்காரர் வருவதற்கு முந்திய கிழமை அருமைநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நாடாவைப்பற்றிக் கேள்வி வந்தால் அவள் முழிப்பாள், தான் சமாளிக்கவேண்டும். அதற்குத் தனக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கவேண்டாமா? புஷ்பராணியைக் கூட்டிக்கொண்டு பின்சுவருக்குப் போனான். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். இது சாட்டின், இது கொட்டன், இந்த வரிசை முழுக்க நீலம், மூன்றாவது லாச்சியில் மாதாவின் சுருவச் சிலைக்குக் கட்டுகிற நீலம். மூன்று நாள் நடந்தது பாடம். அவனும் கெட்டிக்காரன், மூன்றே நாளில் முழுவதையும் தலையில் ஏற்றிவிட்டான்.

கிழவர் தன் கதிரையில் இருந்தபடியே மூன்று நாளும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய முட்டை உரிக்காமல் அப்படியே கிடந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அருமைநாதனின் மனதின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்றால்? அவனுக்கு ஐம்பத்துநாலு. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருசம். முதலில் நான் உள்ளே போவேன், பிறகு அவளை இழுத்தெடுப்பேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

நவம்பர் நடுவில் கொம்பனிக்காரன் வந்தான். பெனுவா என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். லாச்சிகளைப் பார்த்து, "மொன் தியூ!" என்று வாயில் கைவைத்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து மேசையில் வைத்தான். ஒரு பக்கம் கிழவர், மறுபக்கம் அருமைநாதன். புஷ்பராணி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். கதிரை இருந்தது, இருக்கவில்லை.

"இது எல்லாவற்றையும் யார் அறிவார்?" என்று கேட்டான் பெனுவா.

"நான்," என்றான் அருமைநாதன். பெனுவா எழுந்துபோய் ஐந்தாறு இடத்தைக் காட்டிக் கேட்டான். அருமைநாதன் இருந்த இடத்திலேயே சொன்னான். ஒன்றிலும் பிழை இல்லை. பெனுவாவுக்கு நல்ல சந்தோசம்.

"பின்சுவர்? றிபன், லேஸ்?"

புஷ்பராணிக்கு அந்த இரண்டு சொல்லும் விளங்கின. நிமிர்ந்தாள். வாய் திறக்கப்போனாள்.

"அவவுக்கு இங்கிலீஷ் வராது," என்றான் அருமைநாதன். "என்னைக் கேளுங்கோ. அதுவும் நான் அறிவேன்."

"இரண்டு பக்கமும்?"

"இரண்டு பக்கமும்."

"அப்படியென்றால் நல்லது," என்றான் பெனுவா, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே. "ஒருவர் போதும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது ஒருவன், கெட்டது மற்றவள். அருமைநாதன் இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சுவரோரம் நின்றவள் ஒன்றும் விளங்காமல், பாவம், சிரித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கிழவர் கைத்தடியால் மேசையில் அடித்தார். பலமான அடி இல்லை. ஆனால் பெனுவாவின் கை நின்றது.

"அவனுக்குத் தெரியாது," என்றார். "நாடா அவளுக்குத்தான் தெரியும். எழுது."

"ஆனால் அவர் இப்போதுதான்..."

"அவன் பொய் சொல்கிறான். நானும் இதே பொய்யைச் சொன்னவன்."

பிறகு சொன்னார். பதினைந்து வருசமாகச் சொல்லாமல் விட்ட பாதி. அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தர்நூவ் கடையில் நாடாப் பக்கம் ஹேலாவுடையது. அவள் நாடா விற்கிற குடும்பத்துப் பெண். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. 1942 மே மாதத்தில் ஷோல்ட்ஸ் அடிக்கடி நாடாவைப்பற்றிக் கேட்கத் தொடங்கினான். ஹேலாவுக்கு அந்த மாரிக் குளிரில் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. எழுந்து நிற்கவே பலமில்லை. அவளை அவன் முன்னால் நிறுத்தவேண்டாம், அவள் வீட்டில் கிடந்து தேறட்டும் என்று நினைத்தார் வைன்ரெப். ஒரு கிழமையாக அவளிடம் கேட்டுக் கேட்டு எல்லா லாச்சியையும் மனதில் ஏற்றினார். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

ஜூனில் ஷோல்ட்ஸ் வந்தான். முத்திரைக்குப் பெயர் கொடுக்கவேண்டும் என்றான். தெறி யாருக்குத் தெரியும்? எனக்கு என்றார் வைன்ரெப். நாடா யாருக்குத் தெரியும்?

"அதுவும் எனக்கு என்றேன்," என்றார் கிழவர். "நல்லது, ஒருவன் போதும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்."

பெனுவா கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அவளைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோன அன்று நான் கடையில் இருந்தேன். ஓர் அதிகாரியின் மனைவி வந்து நீல நாடா மூன்று மீட்டர் கேட்டாள். இரண்டாவது வரிசை, ஐந்தாவது லாச்சி. ஹேலா சொன்ன இடத்திலேயே இருந்தது. அளந்தேன், வெட்டினேன், சுருட்டிக் கடுதாசியில் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

வெளியே லொறி ஒன்று பின்னுக்கு வருகிற சத்தம் கேட்டது. கிழவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இரண்டு பெயர் எழுது. இல்லாவிட்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். நான் சாகட்டும், பிறகு வந்து வெறும் லாச்சிகளோடு மாரடியுங்கள்."

பெனுவா புஷ்பராணியைப் பார்த்து எழுந்து நின்றான். அவளுடைய பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான். கேட்டது அருமைநாதனிடம் இல்லை, அவளிடம். அவள் கடுதாசியில் எழுதிக் காட்டினாள். கிழவர் கையெழுத்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து திறப்புக்கோர்வையை எடுத்து மேசைக்கு நடுவில் வைத்தார். அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் திறப்பின்மேலேயே கிடந்தது. பிறகு கையை எடுத்துக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு வாடகைக்காரைக் கூப்பிடச் சொன்னார்.

பின்னேரம் அருமைநாதன் தன் காரில் புஷ்பராணியை ஏற்றிக்கொண்டு போனான். ஸெயின்ட் ஜோன் பூல்வாரில் கார்கள் ஊர்ந்தன.

"என்னண்ணை, கிழவர் உவ்வளவு நேரமா என்ன கதைச்சவர்? அந்தப் பெடியன்ரை முகம் ஏன் அப்பிடிப் போச்சுது?"

வேறு நாளென்றால் நாலு வரியில் சுருக்கி, தனக்கு வசதியாகச் சொல்லியிருப்பான். அன்று முடியவில்லை.

"புஷ்பராணி, உம்மடை வேலையை நான் தின்னப் பாத்தனான். நாடாவும் எனக்குத் தெரியும் எண்டு வாய் விட்டிட்டன். அவன் ஒருத்தர் காணும் எண்டிட்டான். கிழவர்தான் உம்மடை பேரைச் சொன்னவர்."

அவள் பியர்பொன்ட்ஸ் திருப்பம் வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே உங்களுக்குச் சொல்லித்தந்தனான்," என்றாள் கடைசியில். கோபம்கூட இல்லாத குரல். அந்தக் குரலை அருமைநாதன் மத்தியானம் கிழவரிடம் ஒருதரம் கேட்டிருந்தான்.

அதற்குப்பிறகு அவன் ஹேலாவின் கதையை முழுவதும் சொன்னான். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "மாதாவே," என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனாள். அடுத்த நாள் பஸ்ஸில்தான் வந்தாள். அதற்கடுத்த நாளும் பஸ்ஸில்தான். அடுத்த வருசப் பெரிய வெள்ளி கழிந்தபிறகுதான் திரும்ப அவனுடைய காரில் ஏறினாள்.

வைன்ரெப் 2006 மாசியில் நித்திரையிலேயே போனார். புதுக் கொம்பனி நடக்கிறது. தெறிக்கும் கொளுக்கிக்கும் சிப்புக்கும் பெனுவா பெயர் அடித்து ஒட்டிவிட்டான், அருமைநாதனே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். பின்சுவரில் மட்டும் இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை. நாடா ஒட்டுவோமா என்று பெனுவா கேட்கிறபோதெல்லாம் புஷ்பராணி, "நோ ப்ரொப்ளம்," என்கிறாள். சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறாள்.

போன கிழமை அவள் பல் டொக்டரிடம் போயிருந்த நேரத்தில் கர்க்லாண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகளின் சட்டைக்கு நீல நாடா, மூன்று மீட்டர் போதும் என்றாள். பெனுவா அருமைநாதனைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். நீல வரிசை, மூன்றாவது லாச்சி. கை நீட்டினால் எட்டும்.

"எனக்குத் தெரியாது," என்றான் அருமைநாதன். "புஷ்பராணி வருவா. இருங்கோ."

அந்தப் பெண்ணுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டான்.